மூலமும் நகலும்

ஒரு மணி நேரக் கச்சேரியை சி.டி.யில் இருக்கிறபடியே எடுத்து வைத்தால் 635 மெகாபைட் ஆகும். அதையே ஃப்ளாக் கோப்பாக்கினால் ஏறத்தாழ பாதி. 320 கிலோபிட் எம்பி3 என்றால் 144 மெகாபைட். 128 கிலோபிட் என்றால் 58க்குள் அடங்கிவிடும். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கணக்குதான் முதலில் கண்ணில் படுகிறது. நான்கிலும் பாடுகிறவர் ஒருவரே, பல்லவியும் அதே பல்லவி. எதை விட்டுவிட்டு இவ்வளவு சிறுத்தது என்ற கேள்வி மனசில் ஓடிக்கொண்டே இருக்கும்.

*

ஃப்ளாக் எதையும் விடுவதில்லை. ஒலி அலையின் அடுத்த புள்ளி எங்கே விழும் என்பதை முந்தைய சில புள்ளிகளை வைத்து அது ஊகிக்கும். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கும். திரும்பக் கேட்கும்போது அதே ஊகத்தைச் செய்து, எழுதி வைத்த வித்தியாசத்தைக் கூட்டினால் பழைய அலை ஒரு புள்ளியும் பிசகாமல் வந்து நிற்கும். ஜாஷ் கோல்சன் இதை எழுதி 2001ல் முதல் பதிப்பை வெளியிட்டார். யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். கோப்பின் தலைப்பகுதியிலேயே, உள்ளே இருக்கும் ஒலிக்கான சரிபார்ப்பு எண் ஒன்று பதிவாகியிருக்கும். வருஷங்கள் கழித்துச் சோதித்தாலும், உள்ளே ஒரு பிட் கெட்டிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊகிக்க முடிந்தது சிறுக்கும், முடியாதது சிறுக்காது. தம்புராவோடு தனிக்குரல் நன்றாகச் சுருங்கும். ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றி வெளியிடுகிற இன்றைய சினிமாப் பாட்டு சுருங்க மறுக்கும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடி போன்ற பழைய 78 சுற்றுத் தட்டுகள் இன்னொரு வகை. அவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை. சி.டி.யில் இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சாக ஒன்றே இருந்தால், இரண்டுக்கும் வித்தியாசம் பூஜ்யம் என்று எழுதிவிட்டு ஃப்ளாக் பாதி இடத்தை மிச்சம் பிடித்துவிடும். ஆனால் தட்டின் கீறலும் முள்ளின் சரசரப்பும் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாதவை. அவற்றுக்கு இடத்தை வாரிக் கொடுக்கும்.

தூசிக்கு இவ்வளவு இடமா என்று கேட்கத் தோன்றும். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. எது இசை, எது தூசி என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை அது எடுத்துக்கொள்வதில்லை. நாளைக்கு என்னைவிட நல்ல காதும் நல்ல கருவியும் உள்ள ஒருவர் வந்து துடைத்துக்கொள்ளலாம். இன்றே நான் துடைத்தால் சரசரப்போடு சேர்ந்து சீவாளியின் கூர்மையும் கொஞ்சம் போய்விடும். போனது திரும்பாது. அதனால் பழைய தட்டுகளிலிருந்து வந்தவற்றைச் சுத்தம் செய்யாமல்தான் வைத்திருக்கிறேன். சுத்தம் செய்த பிரதி வேண்டுமென்றால் அதைத் தனியாக, வேறு பெயரில்.

*

எம்பி3 தீர்ப்புச் சொல்லும். பலத்த ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒலியைக் காது கவனிப்பதில்லை. கவனிக்காததை எழுதாமல் விட்டால் இடம் மிச்சம். ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரோடு வேலை செய்தவர்களும் பல வருஷம் உழைத்துக் கண்டது இதுதான். துணை வாத்தியம் இல்லாமல் சுசான் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு பிராண்டன்பர்க் தன் முறையைச் சீர் செய்தார். தனிக்குரல் எதையும் ஒளிக்காது என்பதால் அது நல்ல தேர்வு. நம் தம்புராவும் அந்த மேசைக்குப் போயிருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

தம்புராவின் குதிரைமேல் நூலை நகர்த்தி ஜீவா பிடித்துவிட்டால், ஒரே தந்தியிலிருந்து மேல் சுரங்கள் அடுக்கடுக்காகக் கிளம்பும். எதுவும் ஒரே அளவில் நிற்காது. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். எம்பி3 இந்த ஓட்டத்தை 1152 புள்ளிகள் கொண்ட துண்டுகளாக நறுக்குகிறது. துண்டுக்கு 26 மில்லி விநாடி. ஒவ்வொரு துண்டிலும் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று புதிதாக முடிவெடுக்க வேண்டும். 128 கிலோபிட்டில் கையிருப்பு போதாது. மேல் அடுக்கில் ஒரு சுரம் இந்தத் துண்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. கேட்கிறவருக்குத் தம்புரா தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி சுழித்துக்கொண்டு வரும். பாடகர் சுருதி சேர்ந்துதான் பாடுகிறார், ஆனால் அவர் சேர்ந்திருக்கும் சுருதி கலங்கிக் கிடக்கிறது.

மிருதங்கத்தில் வரும் பழுது வேறு. சாப்பு விழுவதற்கு ஒரு நொடித்துணுக்கு முன்பே அதன் நிழல் விழுந்துவிடும். துண்டு முழுவதையும் சேர்த்துச் சுருக்குவதால், நடுவில் விழும் அடியின் பிழை துண்டின் தொடக்கம்வரை பரவுகிறது. நல்ல என்கோடர் அடி வருவதை முன்கூட்டியே கண்டு அந்தத் துண்டை மூன்றாக நறுக்கிக்கொள்ளும். பிழை குறையும், முழுக்கப் போகாது. தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வந்து கோர்வையில் சேரும் இடத்தை 128ல் கேட்டுப் பார்த்தால் புரியும். கணக்கு சரியாகவே இருக்கும், விரல் நுனி மட்டும் மழுங்கியிருக்கும்.

அதே இடத்தை 256 கிலோபிட்டுக்கு மேல் கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. ஃபூபார்2000 பிளேயரில் எது எதென்று காட்டாமல் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, நம் விடையைச் சரிபார்க்கிற வசதி உண்டு. கோப்புகளின் தரத்தைப் பற்றி உறுதியாகப் பேசுகிறவர்கள் முதலில் அங்கே உட்கார வேண்டும். காதைப் பற்றி நமக்கு இருக்கும் நம்பிக்கை அங்கே அளவுக்கு வந்துவிடும். மனசும் லேசாகும்: வெளியே எடுத்துப்போகிற பிரதிக்காக இனி வருத்தப்பட வேண்டியதில்லை.

*

காதுக்குத் தெரியாத இழப்பைவிட எனக்கு உறுத்துவது தடங்களுக்கு நடுவே விழும் இடைவெளி. சி.டி.யில் ஆலாபனை ஒரு தடம், கீர்த்தனை அடுத்த தடம் என்று பிரித்திருப்பார்கள். தம்புரா இரண்டுக்கும் நடுவே அறாமல் ஓடும். எம்பி3 ஆக்கும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்று ஒலி சேர்ந்துவிடுகிறது. எவ்வளவு சேர்ந்தது என்று லேம் என்கோடர் கோப்புக்குள் குறித்து வைக்கும். அதைப் படிக்கத் தெரிந்த பிளேயர் ஒட்டுத் தெரியாமல் சேர்த்துவிடும். தெரியாத பிளேயரில் ராகம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் தம்புரா ஒரு கணம் செத்துப் பிழைக்கும். கச்சேரி கேட்கிறவர்கள் பிளேயர் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் இது. மற்ற எண்களெல்லாம் அப்புறம்.

*

திருத்தணியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போகிறவர்களில் பாதிப் பேர் காதில் எதையாவது மாட்டியிருக்கிறார்கள். அரக்கோணம் தாண்டினால் கூட்டம், ஜன்னல் காற்று, தண்டவாளத்தின் சத்தம். போதாக்குறைக்கு ப்ளூடூத் ஒலியை இன்னொரு தடவை சுருக்கும். அதில் உயர்ந்த தரம் என்று சொல்லப்படும் எல்டாக்கே அதிகபட்சம் 990 கிலோபிட்தான். சி.டி.யில் ஓடுவது 1411. போனில் ஃப்ளாக் வைத்து ப்ளூடூத்தில் கேட்டால், வீட்டிலிருந்து முழுசாக எடுத்துப்போனதை வழியில் சுருக்கிக் கேட்கிறோம், அவ்வளவுதான். பயணத்துக்கு, எம்பி3 போலவே விட்டுச் சுருக்கும் முறைகளான ஓபஸில் 128 கிலோபிட்டோ ஏஏசியில் 256ஓ தாராளம். ஒரு மெமரி கார்டில் வாழ்நாளுக்குப் போதுமான சங்கீதம் அடங்கிவிடும்.

ஒரே ஒரு விதியை மட்டும் நான் விடுவதில்லை. பயணப் பிரதியை எப்போதும் மூலத்திலிருந்துதான் எடுப்பேன், இன்னொரு பிரதியிலிருந்து எடுப்பதில்லை. எம்பி3யிலிருந்து ஓபஸ் செய்தால், ஒரு தீர்ப்பின்மேல் இன்னொரு தீர்ப்பு ஏறும். இரண்டாவது என்கோடருக்கு முதலாவது எதைத் தள்ளியது என்று தெரியாது. எம்பி3யை ஃப்ளாக் ஆக்கி வைப்பதிலும் பயனில்லை. இடம் பெருகும், போனது வராது. அப்படிச் செய்து நல்ல பெயரில் உலவுகிற கோப்புகள் நிறைய. ஸ்பெக் என்ற சிறு மென்பொருளில் திறந்தால், 128ல் சுருக்கிய ஒலி 16 கிலோஹெர்ட்ஸில் கத்தரித்தபடி நின்றுபோவது படமாகவே தெரியும்.

*

எங்கள் திருத்தணி மலையில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை பிறந்தது என்பது மரபு. அவர் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் இருந்த காலம். தணிகைக்கு வந்தவர் முன் முருகன் முதியவராக வந்து வாயில் கற்கண்டு போட்டார், மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ வந்தது என்று சொல்வார்கள். அதையும் சேர்த்து வேற்றுமைக்கு ஒன்றாக எட்டுக் கீர்த்தனைகள். ஆனந்தபைரவி, பாடி, பூர்வி, உதயரவிசந்திரிகா என்று ராகங்கள் மாறிக்கொண்டே போகும். குருகுஹ என்ற முத்திரை கடைசிவரை அவரோடு இருந்தது.

அவர் 1835ல் எட்டயபுரத்தில் மறைந்தார். ஒலியைப் பதிவு செய்யும் கருவி உலகத்திலேயே இல்லாத காலம். அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், ஏ.எம். சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவாலும் 1904ல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சிட்டார். தெலுங்கு எழுத்தில். சுரத்தை மட்டும் எழுதி நிறுத்தவில்லை. கம்பிதம், ஜாரு, நொக்கு, ஸ்புரிதம் என்று சுரம் அசையும் விதங்களுக்குத் தனித்தனிக் குறி போட்டார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குக் குரல் போகும் பாதையைக் காகிதத்தில் பிடிக்கப் பார்த்த வேலை அது. அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எதையும் விடக்கூடாது என்ற தவிப்பு ஒவ்வொரு குறியிலும் தெரிகிறது.

ஆனால் குறியைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். பாடாந்தரம் உள்ள குரல் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் பேசாது. கோப்புக்கும் இதே நிலைமைதான். எதைக் கொண்டு திறப்பது என்று தெரியாமல் போன நாளில் எதையும் விடாத லாஸ்லெஸ் கோப்பும் வெறும் எண்கள். அதனால்தான் முறை திறந்ததாக இருக்க வேண்டும் என்கிறேன். ஃப்ளாக்கின் முழு விவரமும் 2024 டிசம்பரில் இணையப் பொது நியமமாக, ஆர்எஃப்சி 9639 என்ற எண்ணில் வந்துவிட்டது. இன்றிருக்கிற நிறுவனங்கள் எல்லாம் மறைந்த பிறகும், அந்த ஆவணத்தை வைத்து ஒருவர் உட்கார்ந்து எழுதினால் ஃப்ளாக்கைத் திறந்துவிடலாம். சுப்பராம தீட்சிதரின் புத்தகத்தை சென்னை மியூசிக் அகாடமி பின்னால் தமிழ் எழுத்தில் கொண்டுவந்ததும் அந்தக் காரியம்தான்: படிக்கக்கூடியவர்கள் கூட வேண்டும்.

*

வடக்கே திருமலையில் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளைச் செப்பேட்டில் வெட்டி ஒரு சிறு அறையில் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ராகத்தின் பெயர் இருக்கிறது, சுரம் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் வெளியே எடுத்தபோது சாகித்தியமும் பெயரும் கிடைத்தன, மெட்டைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

என் டிஸ்க்கில் நேர் எதிராக இருக்கிறது. மெட்டும் குரலும் முழுசாக இருக்கின்றன. பெயர் இல்லை. ‘டிராக் 03’. யார் பாடியது, பக்கவாத்தியம் யார், எந்த சபா, எந்த வருஷம், ஒன்றும் இல்லை. சங்கீதக் கோப்புகளில் முதலில் தொலைவது ஒலியின் நுணுக்கம் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் முதலில் தொலைவது பெயர்.

டேக் போடுவதற்கு இருக்கும் கட்டங்கள் நம் சங்கீதத்துக்காகச் செய்தவை அல்ல. பாடகர், ஆல்பம், வகை. ராகத்துக்கு இடம் இல்லை, தாளத்துக்கு இல்லை, வயலின் வாசித்தவருக்கு இல்லை. ஃப்ளாக்கில் நாமே புதுக் கட்டம் சேர்க்கலாம், எம்பி3டேக் மென்பொருளில் அது எளிது. ராகம், தாளம், வாக்கேயக்காரர், வயலின், மிருதங்கம், இடம், தேதி, யாரிடமிருந்து வந்தது என்று நான் சேர்த்துக்கொண்டேன். கடைசிக் கட்டம் முக்கியம். ஒரு பதிவு எந்தக் கையிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் சந்தேகம் வரும்போது திரும்பிப் போய்க் கேட்க முடியும்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு வேலை. திருத்தணி எல்லை ஊர். மா.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பஸ் ஏறினால் சற்று நேரத்தில் நகரி. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுகிறவர்கள் நிறையப் பேர். கோப்புகளும் அப்படித்தான் வருகின்றன. ஒரே ராகம் ஒன்றில் மாயாமாளவகௌளை, இன்னொன்றில் மாயாமாளவகௌள, மூன்றாவதில் தெலுங்கு எழுத்தில். தேடினால் ஒன்று கிடைக்கும், இரண்டு ஒளிந்துகொள்ளும். ராகத்துக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்துவிட்டு, வந்தபடியே இருந்த பெயரை வேறொரு கட்டத்தில் விட்டுவைத்திருக்கிறேன். அதையும் அழிக்க மனசு வரவில்லை.

*

திருப்புகழை நினைக்கும்போது மேலே எழுதியதெல்லாம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

அருணகிரிநாதர் பதினாறாயிரம் பாடினார் என்பது வழக்கு. கைக்குக் கிடைத்தவை ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். தணிகை முருகனிடம் பெரும்பக்தி கொண்ட வ.த. சுப்பிரமணிய பிள்ளை, முன்சீப் வேலை பார்த்தவர், ஊர் ஊராக ஏடு தேடி 1894ல் முதல் பாகத்தை அச்சேற்றினார். அவர் மகன் செங்கல்வராய பிள்ளை உரை எழுதினார், தணிகைமணி என்ற பெயரும் பெற்றார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், ஆங்கிலப் புத்தாண்டில் துரைமாரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தணிகேசனைப் பார்க்கட்டும் என்று 1917 டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தார். 365 படி, படிக்கு ஒரு திருப்புகழ். இன்றும் நடக்கிறது.

அருணகிரியார் பாடிய மெட்டு போய்விட்டது. நின்றது சந்தம். குறிலும் நெடிலும் வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் விழும் முறையிலேயே தாளத்தைக் கட்டி வைத்துவிட்டார். படிக்கத் தெரிந்த யாரும் வாய்விட்டுச் சொன்னால் நடை தானாக வந்துவிடும். அதன்மேல் ஒவ்வொரு காலத்தவரும் தங்களுக்குத் தெரிந்த ராகத்தை ஏற்றிக்கொண்டார்கள். டில்லியில் ஏ.எஸ். ராகவன் ஏற்றிய மெட்டுகளை இன்று எத்தனையோ ஊர்களில் கூடிப் பாடுகிறார்கள்.

அதாவது மூலம் அழிந்தது, கையோடு எடுத்துப் போகக்கூடியது பிழைத்தது. சிறியதாக இருந்ததால், பலர் வாயில் இருந்ததால் பிழைத்தது. என் ஃப்ளாக் கோப்புகள் முழுசானவை. ஆனால் ஒரு வீட்டில் ஓர் அலமாரியில் இருக்கின்றன. 128 கிலோபிட்டில் ஆயிரம் பேர் கையில் இருக்கும் ஒரு கச்சேரி, பெட்டியில் பூட்டி வைத்த லாஸ்லெஸ்ஸைவிட நீண்ட நாள் வாழலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு சிறிய கோப்புகளை நான் குறைவாக நினைப்பதில்லை. இரண்டும் வேண்டும். ஒன்று முழுமைக்கு, ஒன்று பிழைப்புக்கு.

டிஸ்க்கைப் பொறுத்தவரை, வீட்டில் இரண்டு, வெளியூரில் சொந்தக்காரர் வீட்டில் ஒன்று. அங்கே போகும்போதெல்லாம் மாற்றி வைத்துவிட்டு வருகிறேன். கோப்புகளின் சரிபார்ப்பு எண்ணை அவ்வப்போது ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

*

இந்திய சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு. அதனால் 78 சுற்றுத் தட்டுகளின் காலம் முழுக்க ஏறத்தாழ நம் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. கேட்டு வருகிறவர்களுக்கு அவற்றைத் தயங்காமல் கொடுக்கிறேன். பென் டிரைவில் ஃப்ளாக், போனுக்கு ஓபஸ், இரண்டிலும் டேக்.

கடையில் வெளியானவற்றுக்கு எங்கோ ஒரு மூலம் இருக்கும். வீடுகளில் கிடக்கும் கேசட்டுகளுக்கு அது கிடையாது. கோயில் நாகஸ்வரம், பஜனை கோஷ்டி, படித் திருவிழாவில் யாரோ பிடித்த பதிவு. அந்த நாடாதான் மூலம், அதுவே கடைசிப் பிரதியும். அவற்றை 24 பிட் ஃப்ளாக்காக மாற்றுகிறேன். வேகமாக ஓட்டி முடிக்க வழியில்லை, ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இப்போது மேசைமேல் இருப்பதில் ‘படி பூஜை’ என்று மட்டும் பேனாவால் எழுதியிருக்கிறது. முன்னணியில் ஒரு பெண்குரல், பின்னால் கோஷ்டி, ஜால்ரா, ஹார்மோனியம். நடுவே மைக்கில் யாரோ காணாமல் போன குழந்தையைப் பற்றி அறிவிக்கிறார். அறிவிப்பையும் வெட்டாமல் வைத்துக்கொண்டேன். கோஷ்டியில் பழைய ஆளாக இருக்கும் ஓர் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஹார்மோனியத்தைக் கேட்டதும் வாசித்தவர் பெயரைச் சொல்லிவிட்டார். பாடுகிறவர் யாரென்பதில் அவருக்குச் சந்தேகம், அக்கா தங்கை இருவரில் ஒருவர் என்கிறார். இரண்டு பெயரையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். வருஷக் கட்டம் காலி. மார்கழி பஜனைக்கு வருகிறவர்களிடம் இன்னும் கேட்க வேண்டும்.